ஆறு சிலிண்டரை விட்டு நான்குக்கு மாறலாமா?

கேள்வி: என்னிடம் 2011 மாடல் பி.எம்.டபிள்யூ 523ஐ இருக்கிறது. 2.5 லிட்டர், ஆறு சிலிண்டர், 1,12,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு 48,000 கி.மீ. ஓடிய 2019 மாடல் 530ஐ ஒன்றை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். அதில் இருப்பது 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ. “இவ்வளவு பெரிய வண்டிக்கு ரெண்டு லிட்டர் எஞ்சின் எப்படித் தாங்கும், ஒரு லட்சத்தில் படுத்துவிடும்” என்கிறார் என் மெக்கானிக். பழைய மூன்று லிட்டரை இது தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்கிறார் நண்பர். தினமும் வீட்டிலிருந்து மில்லுக்கு 6 கி.மீ., மாதம் ஒருமுறை ஊட்டி, வருடத்துக்கு 9,000 கி.மீ. என்பது என் ஓட்டம். மாறலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்? 530டி டீசல் எடுக்கலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது. (கோவை வாசகர்)

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

மாறலாம். நீங்கள் பார்த்திருக்கும் அந்த வண்டியின் ஆயில் மாற்றிய பதிவுகள் ஒழுங்காக இருந்தால் மட்டும். பதிவு இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். டீசல் உங்கள் ஓட்டத்துக்குப் பொருந்தாது. காரணங்களைப் பார்ப்போம்.

தாங்குமா என்ற கேள்வியை சி.சி.யை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. சிலிண்டருக்குள் பிஸ்டனை எவ்வளவு அழுத்தம் தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் 523ஐ 2,497 சி.சி.யிலிருந்து 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. ஒரு லிட்டருக்கு 100. 530ஐ 1,998 சி.சி.யிலிருந்து 350 தருகிறது. லிட்டருக்கு 175. சிலிண்டரின் சராசரி வேலை அழுத்தமாக இதைக் கணக்கிட்டால் பழையதில் சுமார் 12.6 பார் (அழுத்தத்தின் அலகு), புதியதில் 22 பார் வருகிறது. முக்கால் பங்கு அதிகம். உங்கள் மெக்கானிக்கின் பயத்துக்கு அடிப்படை இதுதான், அது வீண் பயமில்லை. ஆனால் அந்த அழுத்தத்துக்கென்றே இந்த எஞ்சினை வடிவமைத்திருக்கிறார்கள். பி48 என்று அழைக்கப்படும் இதன் அலுமினிய பிளாக்கில் சிலிண்டர்களின் மேல்விளிம்பு மூடிய அமைப்பு கொண்டது. அழுத்தத்தில் சிலிண்டர் சுவர் அசைந்துகொடுக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. பழைய சாதா எஞ்சின் ஒன்றில் டர்போவை மாட்டிய கதை இல்லை இது.

எடையும் ஒரு பிரச்சினை இல்லை. ஜி30 என்ற இந்தத் தலைமுறை 5 சீரிஸ், உங்களுடைய எஃப்10 தலைமுறையைவிட 100 கிலோ வரை இலேசானது என்று பி.எம்.டபிள்யூவே சொல்லியிருக்கிறது. 252 குதிரைத்திறன், 100 கி.மீ. வேகத்தை எட்ட 6.2 விநாடி. பிக்கப்பைப் பற்றி நண்பர் சொல்வது சரிதான். முந்தைய தலைமுறை 530ஐயில் இருந்த 3.0 லிட்டர் ஆறு சிலிண்டர் 258 குதிரைத்திறனும் 310 நியூட்டன் மீட்டரும் தந்தது. சக்தியில் கிட்டத்தட்ட சமம், முறுக்குவிசையில் புதியது முன்னே. அதுவும் 1,450 ஆர்.பி.எம்.மிலேயே முழு 350 வந்து 4,800 வரை அப்படியே நிற்கிறது. உங்கள் 523ஐக்கு முழு இழுவை வர 2,500ஐத் தாண்ட வேண்டும். (பின்பக்கம் ‘530’ என்று எழுதியிருப்பதற்கும் லிட்டருக்கும் இப்போது சம்பந்தமில்லை என்பதை விற்பனையாளர்கள் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘ட்வின்பவர் டர்போ’ என்பதும் இரண்டு டர்போ அல்ல. இரண்டு புகைவழி கொண்ட ஒரே டர்போ.)

சொகுசு கார் நிறுவனங்கள் ஏன் இப்படிச் சிறிய எஞ்சினுக்கு இறங்கின என்று தெரிந்துகொண்டால் மைலேஜ் விஷயத்தில் ஏமாற மாட்டீர்கள். ஐரோப்பாவில் விற்கும் புதுக் கார்களின் சராசரி கரியமில வாயு வெளியேற்றம் கிலோமீட்டருக்கு 130 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது 2015க்கான இலக்கு. அடுத்தது 95 கிராம். அதை அளந்த பழைய பரிசோதனை மிகவும் மென்மையானது. 1,180 விநாடி, 11 கி.மீ., சராசரி வேகம் மணிக்கு 33.6 கி.மீ.தான். அதில் 50 கி.மீ. வேகத்தைத் தொட 26 விநாடி எடுத்துக்கொள்ளலாம். இப்படி ஓட்டினால் பெரிய எஞ்சினின் த்ராட்டில் (காற்று நுழையும் வழியில் உள்ள கதவு) ஏறக்குறைய மூடியே கிடக்கும். மூடிய த்ராட்டில் வழியாகக் காற்றை உறிஞ்சுவதிலேயே சக்தி வீணாகும். சிறிய எஞ்சினில் அதே வேலைக்கு த்ராட்டில் அதிகம் திறந்திருக்கும், உராயும் பாகங்களும் குறைவு. எனவே பரிசோதனைச் சாலையில் சிறிய டர்போவுக்கு நல்ல மதிப்பெண். 2017 செப்டம்பரில் டபிள்யூ.எல்.டி.பி. என்ற கடினமான பரிசோதனை வந்தபின் அந்த இடைவெளி சுருங்கியது. சீனா இன்னொரு காரணம். அங்கே நுகர்வு வரி சி.சி.யைப் பொறுத்தது. 1.5 முதல் 2 லிட்டர் வரை 5 சதவீதம், 3 முதல் 4 லிட்டர் வரை 25, அதற்கு மேல் 40. நம் நாட்டிலும் 2015 டிசம்பரில் டெல்லி வட்டாரத்தில் 2,000 சி.சி. மற்றும் அதற்கு மேற்பட்ட டீசல் கார்களைப் பதிவு செய்ய உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2016 ஆகஸ்டில் 1 சதவீத வரியோடு அது விலகியது. அந்த எட்டு மாதத்தில் 1,999 என்ற எண்ணின் மதிப்பு பலருக்கும் புரிந்தது. வோல்வோ 2015இல் வந்த எக்ஸ்சி90இல் வி8ஐயே விட்டுவிட்டு எல்லா வகைக்கும் 2.0 லிட்டர் நான்கு சிலிண்டரையே வைத்தது.

இதன் எல்லை எங்கே என்று பார்க்க மெர்சிடிஸ் சி63ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 6.2 லிட்டர் வி8, பிறகு 4.0 லிட்டர் இரட்டை டர்போ வி8, 2022இல் அறிமுகமானதில் 2.0 லிட்டர் நான்கு சிலிண்டரோடு மின்மோட்டார். எஞ்சின் மட்டும் 476 குதிரைத்திறன், மோட்டாரும் சேர்ந்து 680. காகிதத்தில் முந்தையதைவிட எல்லாமே அதிகம், வண்டியின் எடை உட்பட. அது 2,100 கிலோவைத் தாண்டிவிட்டது. உங்கள் 530ஐ அந்த எல்லையில் இல்லை. 2.0 லிட்டரில் 252 என்பது இன்றைய அளவில் நிதானமான எண்தான். டியூனிங் கடையில் ‘ஸ்டேஜ் 1’ (எஞ்சின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) ஏற்றி இந்த நிதானத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, மைலேஜ். நகர நெரிசலில் உங்கள் 523ஐ லிட்டருக்கு 7 கி.மீ. தருகிறது, 530ஐ 9 தரும் என்று வைத்துக்கொள்வோம். வருடம் 9,000 கி.மீ.க்கு 1,286 லிட்டருக்குப் பதில் 1,000 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் சேமிப்பு சுமார் 28,600. நெடுஞ்சாலையில் 90-100 கி.மீ. வேகத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் மிதித்து ஓட்டினால் காணாமல் போகும். காரணம், முழுச் சுமையில் புகையின் வெப்பம் 950 டிகிரியை நெருங்கும்போது டர்போவையும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் காப்பாற்ற எஞ்சின் கணினி தேவைக்கு அதிகமாகப் பெட்ரோலைத் தெளித்துக் குளிர்விக்கும். அந்தப் பெட்ரோல் வண்டியை ஓட்டுவதற்கல்ல. இதைக் குறைக்கத்தான் ஆடி போன்றோர் புகைக்குழாயை சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே தண்ணீர் சுற்றும்படி வார்த்தார்கள். மைலேஜுக்காக மட்டும் மாறுகிறீர்கள் என்றால் மாற வேண்டாம். வண்டி மாற்றும் செலவை இந்தச் சேமிப்பு எந்தக் காலத்திலும் ஈடுகட்டாது.

இப்போது உங்கள் மெக்கானிக் சொன்ன ‘ஒரு லட்சத்தில் படுத்துவிடும்’. இந்தப் பெயர் வரக் காரணம் முதல் தலைமுறைச் சிறு டர்போக்கள். பி.எம்.டபிள்யூவின் முந்தைய 2.0 டர்போவான என்20இல் டைமிங் செயினைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கைடுகள் உடைந்து, துண்டுகள் ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தன. 2015 தொடக்கத்துக்கு முன் தயாரான எஃப்10 520ஐ, எஃப்30 தலைமுறை 3 சீரிஸின் 328ஐ எல்லாம் இந்த வகை. ஆடியின் 2.0 டிஎஃப்எஸ்ஐ எஞ்சினில் 2009-2011 வாக்கில் வந்தவற்றில் பிஸ்டன் ரிங் மெல்லியது, ஆயில் வடியும் துளைகள் சிறியவை. கரி அடைத்து ஆயிலைக் குடித்தது. மெர்சிடிஸின் 1.8 லிட்டர் எம்271இல் செயின் நீண்டு, கேம் பல்சக்கரமும் தேயும். குறைந்த விலைக்கு இவற்றில் ஏதாவது வந்தால், செயின் அல்லது பிஸ்டன் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள். பி48இல் அந்தச் செயின் கோளாறு பொதுவானதல்ல. ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இதில் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. எப்போதாவது தொட வேண்டி வந்தால் கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்காமல் முடியாது. கூலிதான் பாகத்தைவிட அதிகமாக வரும். செயினைக் காப்பது சுத்தமான ஆயில். நான் பதிவைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதனால்தான்.

பழைய பெரிய எஞ்சின் தாய்மாமன் மாதிரி, கொஞ்சம் அலட்சியத்தைப் பொறுத்துக்கொள்ளும். 15,000 கி.மீ.க்கு ஆயில் மாற்றினாலும் முகம் சுளிக்காது. டர்போவில் அது நடக்காது. நிமிடத்துக்கு லட்சக்கணக்கான சுற்று சுழலும் ஒரு தண்டு, ஒருபுறம் செக்கச் சிவந்த புகை, மறுபுறம் காற்று, நடுவே தாங்கிக்கொண்டிருப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. அந்த ஆயில் கருகினால் முதலில் டர்போவுக்கு ஆயில் வரும் குழாய் உள்ளே அடைக்கும், பிறகு பேரிங் தேயும், பிறகு ஆயில் புகைக்குழாய்க்குள் கசிந்து நீலப் புகையாக வெளியே வரும். மாற்றுச் செலவு லட்சத்தைத் தாண்டும்.

உங்கள் 6 கி.மீ. ஓட்டம் இதில் முக்கியமானது. கூலன்ட் 4-5 கி.மீ.யில் சூடாகிவிடும். ஆயில் சூடாக அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் வேண்டும். அதாவது மில்லுக்குப் போய்ச் சேரும் வரை ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. இந்த எஞ்சினில் பெட்ரோல் நேரடியாக சிலிண்டருக்குள் 200 பார் மற்றும் அதற்கு மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. சூடேறாத சுவரில் பட்ட பெட்ரோலில் கொஞ்சம் வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் சூடாகாததால் அது ஆவியாகி வெளியேறவும் வழியில்லை. உங்கள் மாதாந்தர ஊட்டிப் பயணம் இங்கே மருந்தாக வேலை செய்யும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நன்றாகச் சூடான ஓட்டம் கலந்த பெட்ரோலைப் பெரும்பகுதி வெளியேற்றிவிடும். அந்த மாதம் ஊட்டி போகாவிட்டால் அவினாசி சாலையிலோ பொள்ளாச்சி சாலையிலோ 40 கி.மீ. ஓட்டிவிட்டு வாருங்கள்.

ஆயில் மாற்றத்துக்குக் காரின் திரை எவ்வளவு கிலோமீட்டர் காட்டினாலும் 7,500 கி.மீ. அல்லது 10 மாதம், எது முன்போ அப்போது மாற்றுங்கள். ஃபில்டரோடு சேர்த்து சுமார் 5.25 லிட்டர் பிடிக்கும். பி.எம்.டபிள்யூ லாங்லைஃப் அங்கீகாரம் டப்பாவில் அச்சிட்டிருக்க வேண்டும். ‘பொருந்தும்’ என்று எழுதியிருப்பது அங்கீகாரம் ஆகாது. கையேடு அனுமதிக்கும் தரங்களில் 0டபிள்யூ-20யும் இருக்கும், 30 தரமும் இருக்கும். வெயிலில் ஊர்ந்து, பிறகு மலை ஏறும் வண்டிக்கு 30 தரத்தையே நான் சொல்வேன். மிகுந்த வெப்பத்தில், அழுத்தத்தில் 20 தர ஆயிலின் தடிமன் 2.6 அளவுக்கு இறங்கலாம். ஏ.சி.இ.ஏ. என்ற ஐரோப்பியத் தர அமைப்பின் சி3 வகை 30 ஆயிலில் 3.5க்குக் குறையக்கூடாது என்பது விதி. எரிபொருள் சேமிப்பில் வரும் வித்தியாசம் உங்களுக்குப் புலப்படவே படாது.

ஆயில் அளவைக் காரின் திரையிலேயே பார்க்கலாம். சமதரையில், எஞ்சின் சூடான பின் மாதம் ஒருமுறை பாருங்கள். அளவு குறைந்தால் கவலைப்படுவது எல்லோருக்கும் தெரியும். உங்கள் ஓட்டத்தில் அளவு ஏறினாலும் கவலைப்பட வேண்டும். பெட்ரோல் கலக்கிறது என்று பொருள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாலே தெரியும். உடனே மாற்றிவிடுங்கள்.

அடுத்து ஊட்டி மலைப்பாதை. இங்கே டர்போவின் பலம் கண்கூடாகத் தெரியும். சாதா எஞ்சின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் சக்தியை இழக்கும். 2,240 மீட்டரில் உள்ள ஊட்டியில் உங்கள் 204 குதிரைத்திறன் ஏறக்குறைய 160 ஆகிவிடுகிறது. டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று அந்த மெல்லிய காற்றை அமுக்கி ஈடுகட்டிவிடும். குன்னூர் தாண்டியும் இழுவை அப்படியே இருக்கும்.

ஆனால் இதே மலையில்தான் சிறு டர்போக்களுக்கே உரிய ஓர் ஆபத்தும் இருக்கிறது. மேட்டுப்பாளையம் தாண்டி ஏறும்போது ஈகோ ப்ரோ என்ற சிக்கன முறையில் விட்டால் கியர்பாக்ஸ் உயர்ந்த கியரைப் பிடித்துக்கொண்டு 1,400-1,600 ஆர்.பி.எம்.மில் முழு அழுத்தத்தைக் கேட்கும். அந்த நிலையில் ரிங்குக்கு மேலே தேங்கிய ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி, பிளக் பொறி விடும் முன்பே பற்றிக்கொள்ளலாம். சாதாரண நாக்கிங்கை (பொறிக்குப் பின் பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) கணினி உணர்ந்து பொறியைத் தள்ளிப்போட்டுத் தப்பிக்கும். இது பொறிக்கு முன்பே நடப்பதால் கணினியால் ஒன்றும் செய்ய முடியாது. கடுமையாக நடந்தால் ஒரே அடியில் பிஸ்டனின் ரிங் மேடு உடையும். தீர்வு எளிது. மலை ஏறும்போது ஸ்போர்ட் முறைக்கு மாற்றுங்கள், அல்லது லீவரை இடப்பக்கம் தள்ளி நீங்களே கியர் பிடித்து 2,200க்குக் கீழே போகாமல் ஓட்டுங்கள். ஆயில் டப்பாவில் ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற குறியும் இருந்தால் நல்லது. 2020இல் வந்த அந்தத் தரத்தில் இந்தக் கோளாறுக்கென்றே பரிசோதனை உண்டு.

மேலே போனதும் டீக்கடை வாசலில் அப்படியே எஞ்சினை நிறுத்தாதீர்கள். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டினால் போதும், முடியாவிட்டால் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். பத்து நிமிடமெல்லாம் தேவையில்லை. ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப்பை அன்று அணைத்து வையுங்கள். நிறுத்திய பிறகும் பானெட்டுக்குள் ஃபேனோ பம்போ ஓடும் சத்தம் கேட்டால் அது கோளாறு அல்ல, வெப்பத்தை இறக்குகிறது.

பெட்ரோலைப் பொறுத்தவரை மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஆக்டேன் எண்ணையும் எத்தனால் வரம்பையும் முதலில் படியுங்கள். 95 ஆக்டேன் பெட்ரோல் இந்த எஞ்சினுக்கு உண்மையிலேயே பயன் தரும், குறிப்பாக மலை ஏறும் நாளில். எத்தனால் நாக்கிங்கைத் தடுக்கும் என்பதால் டர்போவுக்கு அதில் நன்மையும் உண்டு. 20 சதவீத எத்தனால் கலந்த இ20இல் எரிசக்தி சுத்தமான பெட்ரோலைவிட சுமார் 7 சதவீதம் குறைவு என்பதால் மைலேஜ் இறங்குவதும் உண்மை. 2011 மாடல் ரப்பர் குழாய்களுக்குத்தான் எத்தனால் பெரிய கவலை, அந்த வகையிலும் மாறுவது உங்களுக்குச் சாதகம்.

இனி அந்த வண்டியைப் பார்க்கப் போகும் நாள். முந்தைய இரவு முதல் எஞ்சினைத் தொட வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் டப்பாவைத் திறந்து அளவு பாருங்கள். டப்பாவின் தையல், மேலே போகும் மெல்லிய பிளாஸ்டிக் காற்றுக்குழாய், அதன் முனை இவற்றில் காய்ந்த நிறப்படிவு இருந்தால் கசிவு. பி48இன் பலவீனமான இடங்களில் முதலாவது இதுதான். அடுத்தது ஆயில் ஃபில்டர் ஹவுஸிங். அதன் கேஸ்கெட்டிலிருந்து ஆயில் வியர்த்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்றாவது வால்வ் கவர். இவை மூன்றுமே சரிசெய்யக்கூடியவை, விலையில் கழித்துக்கொள்ளலாம்.

ஸ்டார்ட் செய்ததும் முதல் இரண்டு மூன்று விநாடி எஞ்சினின் பின்பக்கமிருந்து உலோகம் கடகடக்கும் சத்தம் வந்தால் கழிவு கேட்க வேண்டாம், வண்டியையே விட்டுவிடுங்கள். நேரடி பெட்ரோல் இன்ஜெக்டர்களின் டிக் டிக் சத்தம் இயல்பானது, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, சூடேறியபின் ஒருமுறை 3,000 வரை மிதித்து விடுங்கள். பின்னால் ஒருவர் நின்று பார்க்கட்டும். நீலப் புகை என்றால் டர்போ சீல், வால்வ் சீல், வால்வ் கவரிலுள்ள ஆவித் தடுப்பு இம்மூன்றில் ஒன்று.

பிறகு ஸ்கேன். கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் பொதுவான ஓ.பி.டி. கருவி போதாது. பி.எம்.டபிள்யூவின் இஸ்டா அல்லது அதற்கு இணையான மென்பொருள் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். பி0299 என்ற குறியீடு டர்போ அழுத்தம் போதவில்லை என்பதற்கானது, பி0016, பி0017 கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்பதற்கு, பி0300 வரிசை மிஸ்ஃபயருக்கு. அதோடு நீண்டகால எரிபொருள் திருத்தம் 10 சதவீதத்தைத் தாண்டினால் எங்கோ காற்றுக் கசிவு இருக்கலாம். குறியீடே இல்லாமல் ‘முந்தா நாள் அழித்த’ சுத்தமான நினைவகம் இருந்தால் இன்னும் உஷாராகுங்கள். ஓடிய கிலோமீட்டர் பல கண்ட்ரோல் யூனிட்டுகளில் பதிந்திருக்கும், மீட்டரில் இருக்கும் 48,000த்தோடு அவை ஒத்துப்போகின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். டியூனிங் செய்த தடயம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டேஜ் 1 ஏற்றி விற்கும்போது பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டுவிடுவார்கள். காற்றுக்குழாய்க் கிளிப்புகள், ஸ்க்ரூ தலைகளில் கழற்றிய கீறல் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இவ்வளவும் தேறினால் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளை வழியாக போரோஸ்கோப் (மெல்லிய குழாய்க் கேமரா) விட்டு நான்கு சிலிண்டர் சுவரையும் பார்க்கச் சொல்லுங்கள். மேலிருந்து கீழாகக் கோடு கிழித்திருக்கக் கூடாது. அப்போதே சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவு பார்க்கும் லீக்-டவுன் சோதனையும் செய்துவிடலாம். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் அதிகம் இல்லாமல் கசிவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. கழற்றிய பிளக்கைத் திரும்பப் போடாமல் புதிதே போட்டுவிடுங்கள், 48,000 ஆகிவிட்டதால் எப்படியும் 50-60 ஆயிரத்தில் மாற்ற வேண்டியதுதான்.

வாங்கிய பின் இன்னும் சில. நேரடி இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் வால்வின் முதுகைக் கழுவுவதில்லை, அதனால் இன்டேக் வால்வில் கரி படியும். 80,000-1,00,000 கி.மீ. வாக்கில் ஐடில் தடுமாறினால் வால்நட் ஓட்டுத் தூள் அடித்துச் சுத்தம் செய்வார்கள். டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில் அந்தக் கரியைத் தொடவே தொடாது, இன்ஜெக்டருக்கு மட்டும் உதவும். எட்டு கியர் இசட்.எஃப். பெட்டியின் ஆயில் ‘ஆயுள் முழுதுக்கும்’ என்று சொல்வார்கள். பெட்டியைத் தயாரிப்பவர்களே 80,000-1,20,000 கி.மீ. அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறார்கள். அதன் பிளாஸ்டிக் அடிப்பாத்திரத்துக்குள்ளேயே ஃபில்டர் இருப்பதால் பாத்திரத்தோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். குறுகிய ஓட்டத்தில் பேட்டரி சீக்கிரம் சோரும். மாற்றினால் ஏ.ஜி.எம். வகையையே போட்டு, ஸ்கேனர் மூலம் காரில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதியாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்து புதியதைக் கெடுத்துவிடும்.

நீங்கள் இழக்கப்போவது ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சினில் அதிர்வுகள் ஒன்றையொன்று தாமாகவே அடித்துக்கொள்ளும். நான்கில் அது நடக்காது. அதை அடக்க இரண்டு மடங்கு வேகத்தில் சுழலும் பேலன்ஸ் தண்டுகளும், உள்ளே திரவம் நிறைந்த மவுண்டுகளும் வைத்திருக்கிறார்கள். ஓடும்போது பெரிதாகத் தெரியாது. சிக்னலில் ‘டி’யில் நிற்கும்போதும், 5,000க்கு மேல் இழுக்கும்போதும் தெரியும். எந்த சர்வீஸும் அதை மாற்ற முடியாது. உங்கள் 523ஐயின் அந்த வழவழப்புதான் உங்களுக்குப் பிரியம் என்றால், அதே மலைப்பாதையில் 530ஐயை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

ஆறு சிலிண்டர் வேண்டுமென்றே 530டியை யோசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 3.0 லிட்டர், 265 குதிரைத்திறன், 620 நியூட்டன் மீட்டர், அருமையான எஞ்சின். ஆனால் அதன் புகைக்கரி வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள 15-20 நிமிடம் தொடர்ந்த சூடான ஓட்டம் வேண்டும். 6 கி.மீ.யில் ஒவ்வொரு முறையும் பாதியில் அணைத்தால் வடிகட்டி அடைப்பதோடு, சுத்திகரிப்புக்காகத் தெளித்த டீசல் ஆயிலில் இறங்கும். வாரம் நான்கு நாள் சென்னைக்குப் போய்வருபவருக்கு அது சரியான வண்டி.

வண்டி மாற்றுவதில்லை என்று முடிவானால், உங்கள் 523ஐக்கு 1,12,000 கி.மீ.யில் இரண்டு வேலை காத்திருக்கிறது. அதன் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, பெரும்பாலும் எச்சரிக்கை இல்லாமல் நிற்கும். இதுவரை மாற்றவில்லையென்றால் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து இப்போதே மாற்றுங்கள். பிளாக் மக்னீசியம் கலந்தது என்பதால் போல்ட்டுகள் அலுமினியத்தில் இருக்கும், அவை ஒருமுறை மட்டுமே பயன்படுபவை. பழையதைத் திரும்ப மாட்டவோ சாதா இரும்பு போல்ட் போடவோ விடாதீர்கள். கூலன்ட் நிரப்பியபின் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் ஃபேனைக் குறைந்த அளவிலும் வைத்து, ஆக்சிலேட்டரைப் பத்து விநாடி தரை வரை அழுத்தினால் பம்ப் சுமார் 12 நிமிடம் தானே ஓடிக் காற்றை வெளியேற்றும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது, பேட்டரிக்குச் சார்ஜரை இணைத்திருக்க வேண்டும். இரண்டாவது வேலை, ஆயில் ஃபில்டர் ஹவுஸிங் கேஸ்கெட். அங்கிருந்து கசியும் ஆயில் பெல்ட்டில் சொட்டினால் பெல்ட் கழன்று முன் சீலுக்குள் சுருட்டிக்கொள்ளும். பம்ப் மாற்றும் அதே நாளில் இதையும் முடித்துவிடச் சொல்லுங்கள்.